ஹைட்ரஜன் குழாயில் ஊதாக் கோடு தெரியவில்லை; நீல்ஸ் போரின் அணு மாதிரியை அளந்து காட்டுவது எப்படி?

அல்சூர்_பிசிக்ஸ்:
பெங்களூரில் 11ஆம் வகுப்புப் பிள்ளைகளின் அறிவியல் கண்காட்சிக்காகக் கேட்கிறேன். மின்னூட்டம் நடுவில் குவிந்த ரூதர்போர்டு அணு ஏன் போதவில்லை, எலக்ட்ரானுக்குக் குறிப்பிட்ட ஆற்றல் மட்டங்களே உண்டு என்ற நீல்ஸ் போரின் மாதிரி ஏன் வரவேண்டியிருந்தது என்பதைச் சார்ட் மாட்டிச் சொல்லாமல் அளந்தே காட்ட வேண்டும். மின்சாரம் பாய்ச்சினால் ஒளிரும் ஹைட்ரஜன் டிஸ்சார்ஜ் டியூபும், வெளிச்சத்தை நிறங்களாகப் பிரிக்கும், சிடி துண்டு வைத்த அட்டைப்பெட்டி ஸ்பெக்ட்ரோஸ்கோப்பும் தயார். சிவப்பும் நீலப்பச்சையும் தடிப்பாக, வளைந்து தெரிகின்றன. ஊதா தெரியவே இல்லை. மஞ்சள் பக்கம் புகைபோல ஒரு பட்டை. எங்கே தவறு?

கீற்றுக்கண்:
தடிப்புக்குக் காரணம் வெளிச்சம் பெட்டிக்குள் நுழையும் பிளவு. இரண்டு ஷேவிங் பிளேடுகளை எதிரெதிரே ஒட்டி இடைவெளியை 0.2 மில்லிமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். பிளவுக்கும் சிடிக்கும் 25 சென்டிமீட்டர் தூரம் விடுங்கள். கோடு வளைகிறது என்றால் சிடியின் உள்பக்கத்திலிருந்து வெட்டியிருப்பீர்கள். வெளி ஓரத்தில் சின்னத் துண்டாக வெட்டி, தடங்கள் பிளவுக்கு இணையாக இருக்கும்படி வையுங்கள். லேபிளைக் கீறி செலோடேப் ஒட்டி உரித்தால் வெள்ளிப் படலம் போய்விடும், வெளிச்சம் ஊடுருவும்.

முதலில் சிஎஃப்எல் பல்பைப் பார்த்துச் சரிபாருங்கள். பாதரசத்தின் 546.1 நானோமீட்டர் பச்சையும், அதை ஒட்டி வரும், பல்பின் உள்பூச்சான பாஸ்பரின் பச்சையும் தனித்தனியே பிரிந்தால் பிளவு சரி.

டியூபுக்கான மின் சப்ளை 5000 வோல்ட் அளவில் இருக்கும். எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் டிரான்ஸ்பார்மர் வாங்கி நீங்களே கோர்க்க வேண்டாம், மூடிய சப்ளைதான் வேண்டும். 30 நொடி எரியவிட்டு 30 நொடி அணையுங்கள்.

நிறமாலை_ஆசான்:
அந்தப் புகைப்பட்டை குற்றமில்லை. அணுவாகப் பிரியாத ஹைட்ரஜன் மூலக்கூறு தரும் வெளிச்சம் அது. டியூபின் நடுவிலுள்ள குறுகிய பகுதியை மட்டும் பிளவுக்கு நேரே நிறுத்துங்கள். அணுக்கோடுகள் அங்கேதான் ஓங்கி நிற்கும். 434.0 நானோமீட்டர் ஊதாவுக்கு அறை நன்றாக இருட்ட வேண்டும், கண்ணுக்கும் பத்து நிமிடம் பழக வேண்டும். 410.2 கண்ணுக்குக் கஷ்டம். போன் கேமராவில் எக்ஸ்போஷரைக் கூட்டிப் பாருங்கள்.

அளவுக்கு வருவோம். சிடி தட இடைவெளி 1600 நானோமீட்டர். அதைக் கோடு விலகித் தெரியும் கோணத்தின் சைனால் பெருக்கினால் அலைநீளம். சிவப்பு 24.2 டிகிரியிலும் நீலப்பச்சை 17.7 டிகிரியிலும் வர வேண்டும். வெளிச்சம் சிடி மேல் செங்குத்தாக விழுந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். கோணம் அரை டிகிரி பிசகினால் சிவப்பில் 13 நானோமீட்டர் போய்விடும். அதனால் இரண்டு பக்கமும் அளந்து சராசரி எடுங்கள்.

பிறகு பிள்ளைகளையே வகுக்கச் சொல்லுங்கள். சிவப்பின் 656.3 நானோமீட்டரால் 1ஐ வகுத்தால் மீட்டருக்கு 15.24 லட்சம், அதை (1/4 − 1/9), அதாவது (1/2² − 1/3²) ஆல் வகுத்தால் 1.097 கோடி. நீலப்பச்சையின் 486.1 தருவது 20.57 லட்சம், (1/4 − 1/16) ஆல் வகுத்தாலும் அதே 1.097 கோடி. 434.0க்கு (1/4 − 1/25). மறுபடியும் அதே எண். சுவிஸ் கணக்காசிரியர் பால்மர் 1885இலேயே இந்த ஒழுங்கைக் கண்டுவிட்டார், காரணம் தெரியாமல். 1913இல் போர் எலக்ட்ரானின் மின்னூட்டம், நிறை, ஆற்றல் துணுக்கின் அளவைத் தரும் பிளாங்க் மாறிலி ஆகியவற்றிலிருந்து அந்த எண்ணை வருவித்ததுதான் பெரிய விஷயம். கண்காட்சியில் இந்த அளவீட்டு மேஜைக்கு மற்றதைவிட அதிக நேரம் ஒதுக்குங்கள்.

கீற்றுக்கண்:
சார்ட்டில் ஒரு திருத்தம். “ரூதர்போர்டு மாதிரி” என்று வட்டப்பாதைகள் வரையாதீர்கள். ரூதர்போர்டின் 1911 கட்டுரை நடுவில் குவிந்த மின்னூட்டத்தைப் பற்றியது. அணு நிலைத்து நிற்குமா என்பதை இப்போதைக்குப் பார்க்க வேண்டியதில்லை என்று அவரே ஒதுக்கிவைத்தார். பழைய மின்காந்த விதிப்படி, சுற்றும் எலக்ட்ரான் ஒளியை உமிழ்ந்துகொண்டே நொடியில் சுமார் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு அளவு நேரத்தில் கருவில் விழும். விழும்போது நிறம் தொடர்ச்சியாக மாறும், தனிக்கோடு வராது. இன்னொன்று: கோடு என்றால் பாதை அல்ல, இரண்டு ஆற்றல் மட்டங்களுக்கு இடையிலான தாவல். பிள்ளைகள் அதிகம் குழம்புவது இங்கேதான்.

அல்சூர்_பிசிக்ஸ்:
வெளி ஓரத்தில் வெட்டியதும் வளைவு போய்விட்டது, 434உம் தெரிகிறது. மிக்க நன்றி. பக்கத்தில் ஹீலியம் டியூபும் வைக்கலாமா?

நிறமாலை_ஆசான்:
கட்டாயம் வையுங்கள். 587.6இல் பளிச்சென்று மஞ்சள் வரும். அதை இந்தச் சூத்திரத்தில் போட்டுப் பார்க்கட்டும், பொருந்தாது. இரண்டு எலக்ட்ரான் வந்ததும் போர் மாதிரி நின்றுவிடுகிறது. 1926இல் எலக்ட்ரானை அலையாகக் கணக்கிடும் ஷ்ரோடிங்கர் சமன்பாடு வந்த பிறகே வழி பிறந்தது. டியூபை மாற்றுமுன் பிளக்கைப் பிடுங்கி, கண்ணாடி ஆறும்வரை தொடாதீர்கள்.