ஜெர்மனிக்கு மாணவர் பரிமாற்றப் பயணம்: உடன் செல்லும் ஆசிரியர் எதற்கெல்லாம் ஆயத்தமாக வேண்டும்?

கேள்வி: சேர்வராயன்_ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் ஏற்காட்டில் உள்ள ஒரு பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் வரும் ஜூன் மாதம் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் பன்னிருவரை இரண்டு வாரங்களுக்கு ஜெர்மனிக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு எனக்கும் சக ஆசிரியர் ஒருவருக்கும் தரப்பட்டுள்ளது. மாணவர்கள் அங்குள்ள மாணவர்களின் வீடுகளில் தங்குவார்கள். நாங்கள் இருவரும் பள்ளிக்கு அருகே வேறிடத்தில் தங்குவோம்.

விசா, பயணச்சீட்டு ஆகியவற்றைப் பள்ளி அலுவலகம் கவனித்துக்கொள்கிறது. என் கவலை வேறு. பகல் முழுவதும் கண்முன் இருக்கும் பிள்ளை, மாலையானதும் நாம் பார்த்திராத ஒரு வீட்டுக்குள் போய்விடுகிறது. அங்கே அதற்கு உடம்புக்கு முடியாமல் போனாலோ, மனம் வாடினாலோ எனக்கு எப்படித் தெரியும்? குழுவில் நாகலூரைச் சேர்ந்த மாணவி ஒருத்தி இருக்கிறாள். வீட்டைப் பிரிந்து ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை, யாரிடமும் எதையும் வாய்விட்டுக் கேட்கவும் மாட்டாள். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: சூரமங்கலத்தார்

ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் என்ற முறையில் சொல்கிறேன், அம்மா. ஆவணங்களை அலுவலகம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாமல், எல்லா மாணவர்களின் பாஸ்போர்ட்டுகளையும் நீங்களே ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். நம் பக்கத்தில் சிக்கல் பெரும்பாலும் தலைப்பெழுத்தில்தான் வருகிறது. பள்ளிப் பதிவேட்டில் ஒற்றை எழுத்தாக இருப்பது பாஸ்போர்ட்டில் தந்தையின் முழுப்பெயராக விரிந்திருக்கும். பதிவேட்டைப் பார்த்துப் பயணச்சீட்டு எடுத்துவிட்டால் இரண்டும் பொருந்தாமல் விமான நிலையத்தில் நிற்க நேரிடும். சிறாருக்கான பாஸ்போர்ட் பொதுவாக 5 ஆண்டுகளுக்கோ 18 வயது நிறையும் வரையோ, எது முந்தியதோ அதுவரைதான் செல்லும் என்பதால், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் காலாவதித் தேதியைக் கட்டாயம் பாருங்கள். ஷெங்கன் பகுதியை (ஜெர்மனி உள்ளிட்ட, ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளை) விட்டு வெளியேறும் நாளுக்குப் பின் குறைந்தது 3 மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும்.

விசாவுக்குக் கைரேகை பதிய மாணவர்கள் நேரில் போகத்தான் வேண்டும். இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிவதற்குள் சென்னை சேர்ந்துவிடலாம். கல்விப் பயணம் செல்லும் பள்ளி மாணவர்களுக்கும் உடன் செல்லும் ஆசிரியர்களுக்கும் ஷெங்கன் விசாக் கட்டணம் கிடையாது என்பதையும், மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும் என்பதையும் அலுவலகத்துக்கு நினைவூட்டுங்கள்.

பெங்களூரு விமான நிலையம் வழியாகப் போவதாக இருந்தால், தொப்பூர் கணவாயில் ஒரு லாரி சாய்ந்தாலே மணிக்கணக்கில் வண்டிகள் நிற்கும் என்பதை மனத்தில் வைத்து, நள்ளிரவு விமானத்துக்கு முற்பகலிலேயே மலையிறங்கிவிடுங்கள்.

பதில்: அஸ்தம்பட்டி_வகுப்பறை

ஐயா சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் ஆசிரியை கேட்டது அதற்கு அடுத்த நிலையைப் பற்றி. மாணவர்களை இதே போன்ற பயணத்தில் அழைத்துச் சென்றவள் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் உண்மையான வேலை மலையிறங்குவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது, மேடம். ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் ஒருமுறை போய் வாருங்கள். பெற்றோர் கூட்டத்தில் சொல்லாத செய்திகளை வீட்டுத் திண்ணையில் சொல்வார்கள்: தூக்கத்தில் நடப்பது, மாதவிடாய் நாள்களில் மயங்குவது, நாய் என்றால் நடுங்குவது. அங்கே பல வீடுகளில் நாய் வீட்டுக்குள்ளேயே இருக்கும் என்பதால், கடைசியாகச் சொன்னதை முன்கூட்டியே எழுதித் தெரிவித்தால் வேறு வீடு ஒதுக்குவார்கள்.

பசி அடுத்தது. பல ஜெர்மானிய வீடுகளில் இரவு உணவு என்பது ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, கொஞ்சம் வெள்ளரிக்காய் என்று சமைக்காமல் உண்பதாகவே இருக்கும். இரவில் சுடச்சுடத் தோசை உண்டு பழகிய பிள்ளை, இதுதான் உணவு என்று தெரியாமல், இதற்குப் பின் ஏதோ வரும் என்று காத்திருந்து பசியோடு படுத்துவிடும். உங்கள் நாகலூர் மாணவியைப் போன்றவர்கள் இன்னும் ஒரு துண்டு வேண்டும் என்று கேட்க மாட்டார்கள். அந்த வீட்டாரும் நம்மைப் போல மூன்று முறை வற்புறுத்த மாட்டார்கள், வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆகவே கேட்டு வாங்கி உண்பதை இங்கேயே, வகுப்பிலேயே பழக்குங்கள். ஒரு மாணவரை வீட்டுக்காரராகவும் இன்னொருவரை விருந்தினராகவும் உட்காரவைத்துப் பேசச் செய்தால் கூச்சம் தெளிந்துவிடும்.

வாடிய மனத்தைக் கண்டுபிடிப்பதற்கு என் வழி, தினமும் காலையில் பள்ளி வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, தமிழில், இரண்டு நிமிடம் பேசுவது. "நல்லா இருக்கியா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். "ராத்திரி என்ன சாப்பிட்டே? யார் பக்கத்துல உட்கார்ந்தே? எத்தனை மணிக்குத் தூங்கினே?" என்று கேட்டுப் பாருங்கள், பதில் தயங்கும் இடத்தில் விஷயம் இருக்கும். எந்த நேரத்திலும், எந்தக் காரணமும் சொல்லாமல், "என்னை அழைத்துப் போங்கள்" என்று உங்களை அழைக்கலாம் என்பதைப் பெற்றோர் முன்னிலையில் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். அப்படி ஓர் அழைப்பு வந்தால் முதலில் போய் அழைத்து வாருங்கள், விசாரணை பிறகு. அதற்கென்று உங்கள் தங்குமிடத்தில் கூடுதலாக ஒரு படுக்கைக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

பெற்றோர் அழைப்புக்கு ஒரு நேரம் வையுங்கள். ஜூனில் அவர்கள் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்தங்கியிருப்பார்கள். அங்கே மாலை 5 மணி என்றால் இங்கே இரவு 8.30. மணிக்கொருதரம் அழைக்கும் வீட்டுப் பிள்ளைதான் அதிகம் ஏங்கும்.

பதில்: மருந்தகம்_செவ்வாய்ப்பேட்டை

ஆஸ்துமா, வலிப்பு போன்றவற்றுக்குத் தொடர்ந்து மருந்து எடுக்கும் பிள்ளைகளுக்கு, மருந்தின் வேதிப்பெயரோடு ஆங்கிலத்தில் எழுதிய மருத்துவர் சீட்டும், மூல உறையோடு கூடிய மருந்தும் கைப்பையிலேயே இருக்கட்டும். ஆண்டிபயாடிக் அங்கே மருத்துவர் சீட்டின்றிக் கிடைக்காது; ஞாயிற்றுக்கிழமை முறைவைத்துத் திறக்கும் மருந்தகங்கள் மட்டுமே இயங்கும். அவசர உதவிக்கு 112, அவசரமில்லாத நோய்க்கு இரவிலும் விடுமுறையிலும் மருத்துவரை நாட 116117. அவசரச் சிகிச்சைக்கு இசைவளிக்கும் அதிகாரத்தைப் பெற்றோர் இருவரும் உங்களுக்கு எழுத்தில் தந்து, நோட்டரி சான்றும் பெற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வியாளர்: சேர்வராயன்_ஆசிரியை

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இந்த வாரக் கடைசியில் நாகலூரிலிருந்தே வீடுகளுக்குச் செல்லத் தொடங்குகிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள். அங்கே 16 வயதிலேயே பீர் அருந்தச் சட்டம் இடம் தருகிறது என்கிறார்களே, அதை எப்படிக் கையாள்வது? அன்பளிப்பாகச் சேலத்து மாம்பழமும் பால்கோவாவும் கொண்டுபோகப் பெற்றோர் விரும்புகிறார்கள், அனுமதி உண்டா?

பதில்: அஸ்தம்பட்டி_வகுப்பறை

ஆம், பீரும் ஒயினும் அங்கே 16 வயதில் சட்டப்படி செல்லும். அதனால்தான் அவர்கள் சட்டத்தை நம்பாமல் நம் பள்ளியின் விதியை எழுதி, மாணவர், பெற்றோர், அந்த வீட்டார் ஆகிய மூவரிடமும் கையொப்பம் வாங்க வேண்டும். ஜூனில் இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். பிள்ளைகளுக்கு நேரம் போவதே தெரியாது. ஆகவே வீடு திரும்பும் நேரத்தையும் அதே தாளில் குறித்துவிடுங்கள்.

மல்கோவா ஒரு பழம்கூட வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மாம்பழம் கொண்டுசெல்லத் தாவரநலச் சான்றிதழ் வேண்டும். பால் பொருள்களுக்கும் தடை என்பதால் பால்கோவாவும் நெய்யும் சுங்கத்திலேயே பறிபோகும். வறுத்து அரைத்த ஏற்காட்டுக் காப்பித்தூளைக் கடையில் ஒட்டித் தரும் உறையோடு எடுத்துச் செல்லுங்கள். பன்னிரண்டு வீட்டுக்கும் பள்ளியே ஒரே அளவில் வாங்கிக் கொடுத்துவிட்டால், எந்தப் பெற்றோருக்கும் கடன் வாங்கி அன்பளிப்பு வாங்கும் நெருக்கடி வராது.