ஏழேமுக்கால் மணி அடுப்பு

வார நாட்களில் எங்கள் வீட்டு அடுப்பு ராத்திரி ஏழேமுக்காலுக்குத்தான் பற்றும். நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் கோவையில் கணபதி பக்கம் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் இருக்கிறார். வீடு சிங்காநல்லூரில், இரண்டாவது மாடி. எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம் பக்கம், அவருக்குக் கோபிசெட்டிபாளையம். குழந்தை இன்னும் இல்லை, வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

யார் முதலில் வந்தாலும் செருப்பைக் கழற்றிய கையோடு அரிசியையும் பருப்பையும் கழுவி ஊறவைத்துவிட வேண்டும். முகம் கழுவுவது, உடை மாற்றுவது எல்லாம் அதற்கு அப்புறம்தான். ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் துவரம்பருப்பு. மற்றவர் வந்து காபி குடித்து முடிப்பதற்குள் இருபது நிமிடம் ஊறியிருக்கும். அப்புறம் குக்கரில் கடலெண்ணெய் ஊற்றி, கடுகு, சீரகம், மிளகு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, ஒரு கை சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி, ஒரு தக்காளி போட்டு, மஞ்சள்தூள், கொஞ்சம் சாம்பார்தூள், உப்பு, நாலு டம்ளர் தண்ணீர். தண்ணீர் கொதிக்கும்போது ஊறியதைப் போட்டு மூடினால் மூன்று விசில். ஆவி தானாக அடங்கிய பிறகு திறந்து, தேங்காய்த் துருவலும் நெய்யும் விட்டுக் கிளற வேண்டும். கொங்குப் பக்கம் இதை அரிசியும்பருப்பும் என்பார்கள். தொட்டுக்கொள்ளச் சுட்ட அப்பளமும் கெட்டித் தயிரும் போதும்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் இதைச் சாப்பிட்டதே இல்லை. எங்கள் ஊரில் சோறு தனி, குழம்பு தனி, ரசம் தனி, கறி தனி. நாலு பாத்திரம் அடுப்பில் ஏறாமல் ஒரு சாப்பாடு முடியாது. குழம்புத்தூளையும் வருஷத்துக்குச் சேர்த்து மில்லில் அரைத்து வைத்துக்கொள்வோம். அவர் வீட்டில் அன்றன்றைக்கு மல்லியும் மிளகாயும் வறுத்து, தேங்காயோடு அரைத்துத்தான் குழம்பு. இரண்டுமே நேரம் கேட்கிற சமையல். ராத்திரி எட்டு மணிக்குக் களைத்து வந்து நிற்கிற இரண்டு பேருக்கு ஏற்றது இந்த ஒற்றைக் குக்கர் சாப்பாடுதான். குக்கருக்குள் அழுத்தம் ஏறும்போது தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டி நூற்றிருபது வரைக்கும் சூடாகிறது, அதனால்தான் பருப்பு அவ்வளவு சீக்கிரம் குழைகிறது. புளி சேர்த்தால் பருப்பு வேகத் தாமதமாகும். இந்தச் சாதத்தில் புளியே கிடையாது என்பது எவ்வளவு யோசித்துச் செய்த ஏற்பாடு என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

ஆனால் நான் எழுத வந்தது அந்த மூன்று விசிலுக்கு முன்னால் இருக்கிற நேரத்தைப் பற்றி. அவர் பூண்டு உரிப்பார், நான் வெங்காயம் உரிப்பேன். எங்கள் வீட்டில் அன்றைய நாளின் பேச்சு முழுக்க நடப்பது அப்போதுதான்.

அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. எதிரில் உட்கார்ந்து, என்ன ஆச்சுங்க, ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டால், ஒண்ணுமில்லை என்றுதான் பதில் வரும். கையில் ஒரு வேலையும் கண்ணுக்குப் பூண்டுத் தோலும் இருந்தால் போதும், தானாகச் சொல்வார். ஒரு ராத்திரி பாதிப் பூண்டு உரித்திருக்கும்போது, “அம்மிணி, ரெண்டாவது ஷிப்ட நிறுத்தறாங்களாமா. ஆர்டர் கொறஞ்சு போச்சு” என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். ஒரு வாரமாகவே பேச்சு நடக்கிறது என்றார். நான் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தி நிமிர்ந்து பார்த்திருந்தால் அதோடு அவர் பேச்சு நின்றிருக்கும் என்று எனக்குத் தெரியும். வீட்டுக் கடன் தவணை, அத்தைக்குக் கண் ஆபரேஷன், என் சம்பளத்தில் எவ்வளவு சமாளிக்கலாம் என்று எல்லாவற்றையும் அந்தச் சமையல் மேடை முன்னால் நின்றபடியே பேசி முடித்தோம். தாளிக்கும்போது ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். சில மாதங்களில் கம்பெனிக்கு ஆர்டர் திரும்ப வந்தது, ஷிப்டும் வந்தது. அந்த ராத்திரி சாப்பிட்ட சாதத்தின் ருசி எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது.

அதனால்தான் களைப்பாக இருந்தாலும் வெளியில் வாங்கிவிடலாம் என்று நாங்கள் சுலபத்தில் போவதில்லை. வாங்கிச் சாப்பிடுவதில் தப்பே இல்லை, மாதத்தில் சில நாள் வாங்கத்தான் செய்கிறோம். ஆனால் அந்த ராத்திரிகளில் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்துவிடுகிறோம். சாப்பாடு வந்துவிடுகிறது, பேச்சுதான் வருவதில்லை.

ஆரம்பத்தில் ஒரு விஷயம் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் நறுக்குவார், பாத்திரம் கழுவுவார், சொன்னதெல்லாம் செய்வார். ஆனால் தினமும், இன்னைக்கு என்ன செய்யலாம் என்று என்னைத்தான் கேட்பார். காலையில் பஸ்ஸில் போகும்போதே என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். முருங்கைக்கீரை இன்றைக்குத் தாண்டாது, மாவு புளித்திருக்கும், தயிருக்கு உறை ஊற்றினேனா, தேங்காய் ஒரு மூடிதான் இருக்கிறது. கையால் செய்கிற வேலை அரை மணியில் முடிந்துவிடும். இந்த யோசனைக்கு முடிவே கிடையாது. மத்திய அரசு 2019-ல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடமும், செய்கிற ஆண்கள் 97 நிமிடமும் அதற்குச் செலவிடுகிறார்கள் என்று வந்தது. அதிலும் வீட்டு வேலையில் ஏதாவது ஒன்றைச் செய்வதாகச் சொன்ன ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். அந்தக் கணக்கைப் படித்தபோது, பஸ்ஸில் உட்கார்ந்து நான் கீரையைப் பற்றி யோசிக்கிற நேரம் இந்த 299-க்குள் வருமா என்றுதான் நினைத்தேன்.

இதை அவரிடம் ஒரு ராத்திரி நிதானமாகச் சொன்னேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. கம்பெனியில் வேலை செய்கிறவர் வேறு, அடுத்த வாரத்துக்குத் திட்டம் போடுகிறவர் வேறு, இரண்டுக்கும் தனித்தனிச் சம்பளம் என்று அவரே சொன்னார். அதிலிருந்து செவ்வாயும் வியாழனும் முழுக்க அவர் பொறுப்பு. என்ன சமைப்பது, அதற்கு என்ன வாங்குவது, மிச்சத்தை என்ன செய்வது எல்லாமே அவர் தலையில். நான் எதுவும் சொல்ல மாட்டேன். அந்த இரண்டு நாளும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிறேன். அந்தச் சுகம் சின்ன விஷயம் இல்லை.

அத்தை ஒரு முறை கோபியிலிருந்து வந்து பத்து நாள் தங்கினார். முதல் நாள் ராத்திரி மகன் முறத்தை வைத்துக்கொண்டு வெங்காயம் உரிப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். எனக்கு உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது.

“ஏஞ்சாமி, நீ எப்பயிருந்து வெங்காயமெல்லாம் உரிக்கப் பழகுனே?”

“இங்க வந்துதானுங்மா.”

“உங்கப்பாரு ஒரு டம்ளர் தண்ணி மோந்து குடிச்சதில்ல.” கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கீழே உட்கார்ந்து முறத்தைத் தன் பக்கம் இழுத்தார். “கொள்ளுக் கடையத் தெரியுமா உனக்கு? தெரியாதில்ல. நாளைக்குச் சொல்லித்தாரேன்.”

மறுநாள் சொல்லியும் கொடுத்தார். கொள்ளை ராத்திரியே ஊறவைத்து, குக்கரில் ஏழெட்டு விசில் விட்டு, வெந்த தண்ணீரைத் தனியாக வடித்துக்கொள்ள வேண்டும். மல்லி, சீரகம், வரமிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம், தக்காளி வதக்கிக் கொள்ளோடு சேர்த்து, மண்சட்டியில் மத்தால் கடைய வேண்டும். மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றினால் கடைந்த பதம் வராது, கொழகொழத்துவிடும் என்பதில் அத்தை கறாராக இருந்தார். வடித்த தண்ணீரில் ரசம். நாற்பது வருஷமாகத் தான் ஒருத்தியே செய்ததை மகனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் எதிர்பார்க்கவில்லை. ஊருக்குப் போகும்போது என் கையைப் பிடித்து, “நல்லா இருங்க கண்ணு” என்றார். இப்போது செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் பெரும்பாலும் கொள்ளுதான்.

என் பங்குக்கு நானும் அவருக்கு ஒன்று பழக்கிவிட்டேன், எங்கள் ஊர்க் கடப்பா. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தேங்காய், சோம்பு, பொட்டுக்கடலை, பச்சை மிளகாய் அரைத்து ஊற்றி, பட்டை தாளித்து, இறக்கியதும் எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். இட்லிக்கு அதைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரியவில்லை. சாம்பார் போதாதா என்று கேட்டவர் இப்போது அவராகவே உருளைக்கிழங்கு வாங்கி வருகிறார்.

வார இறுதி என்றால் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். வங்கிகளுக்கு 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாவது, நான்காவது சனி விடுமுறை, அவருக்கு அது கிடையாது. அந்தச் சனிக்கிழமைகளில் நான் தனியாக இருப்பேன். முதல் நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்ததைத் தயிர் விட்டுப் பிசைந்து, சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் கடித்துக்கொண்டு பதினோரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவேன். லீவு நாளில் வீட்டை ஒழிக்கலாமே என்று தோன்றும். ஒழிப்பதில்லை.

சனி ராத்திரி கிரைண்டர் ஓடும். கோவையில் இருந்துகொண்டு மாவைக் கடையில் வாங்குவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். உளுந்துக்குக் குளிர்ந்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஆட்ட வேண்டும், சூடேறினால் பொங்காது. கடைசியில் உப்புப் போட்டுக் கையால் கலக்கி மூடிவைப்போம். உளுந்தோடு வருகிற நுண்ணுயிர்கள் ராத்திரி முழுக்க வேலை செய்யும். மே மாதத்தில் ஏழெட்டு மணி நேரத்தில் பாத்திரத்தை விட்டு வழிந்துவிடும், மார்கழியில் காலை பத்து மணி வரை காத்திருக்க வேண்டும். கிரைண்டர் ஓடுகிற அரை மணி நேரத்தில் அடுத்த வாரத்துக்கு என்னென்ன என்று பேசி ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுவோம். தாள் பாதி நாள் அப்படியே நடக்கும், பாதி நாள் மாறும்.

ஞாயிறு காலையில் ஒருவர் மட்டும் எழுந்தால் போதும் என்பது ஏற்பாடு. எழுகிறவர் உழவர் சந்தைக்குப் போவார், மற்றவர் தூங்கலாம். 1999-ல் மதுரையில் தொடங்கிய திட்டம் இது. எங்கள் சிங்காநல்லூர்ச் சந்தையில் விலையைப் பலகையில் எழுதிவைத்துவிடுவதால் பேரம் பேசுகிற வேலை இல்லை. சீக்கிரம் போனால் பனியோடு கீரை கிடைக்கும். ஒன்பது மணிக்கு மேல் போனால் வாடியதுதான் மிஞ்சும்.

மத்தியானம் அவர் பள்ளிபாளையம் சிக்கன் செய்வார். ஈரோட்டுக்கு எதிர்க்கரையில் இருக்கிற பள்ளிபாளையத்தின் பெயர்தான் அதற்கு. மசாலாத்தூள் எதுவும் வேண்டாம். விதை நீக்கிய வரமிளகாய், நிறையச் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு, பல்லுப் பல்லாக நறுக்கிய தேங்காய். கோழியில் ஊறுகிற தண்ணீரிலேயே வேகவிட்டுச் சுருள வதக்க வேண்டும், அதற்குப் பொறுமை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவருக்கு அந்தப் பொறுமை இருக்கும். நான் ஹாலில் பாய் விரித்துப் படுத்தபடி வாசனை பிடித்துக்கொண்டிருப்பேன். சாப்பிட்டதும் இரண்டு பேரும் அதே பாயில் சாயங்காலம் வரை தூங்குவோம்.

யார் கூப்பிட்டாலும் ஞாயிறு மத்தியானம் நாங்கள் எங்கும் போவதில்லை. சொந்தத்தில் சிலருக்கு இதில் வருத்தம். கல்யாணம், காரியம் என்றால் போகாமல் இருக்க மாட்டோம், மற்றபடி அந்த நேரம் எங்களுடையது. வாரம் முழுக்க ஓடுகிற இரண்டு பேருக்கு ஒன்றும் செய்யாமல் ஒரே இடத்தில் கிடக்க ஒரு மத்தியானம் வேண்டும். அதை விட்டுக்கொடுத்தால் அடுத்த ஆறு நாளும் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுகிறோம்.

சாயங்காலம் சிங்காநல்லூர்க் குளத்துப் பக்கம் ஒரு நடை. திரும்பும்போது தள்ளுவண்டியில் ஒரு தட்டுக் காளான் வாங்கி இரண்டு பேரும் பகிர்ந்து சாப்பிடுவோம். முட்டைக்கோஸ்தான் அதிகம், காளான் கொஞ்சம்தான், இருந்தாலும் மேலே வெங்காயமும் மல்லித்தழையும் தூவிச் சுடச்சுடத் தரும்போது வேண்டாம் என்று யாரால் சொல்ல முடியும்? ராத்திரிக்குத் தோசை, மத்தியானக் குழம்பு இருந்தால் அது, இல்லாவிட்டால் இட்லிப்பொடி. அன்றைக்கு மட்டும் அடுப்பு சீக்கிரம் அணைந்துவிடும்.

எங்கள் தாளில் இப்போது வியாழக்கிழமைதான் திண்டாட்டம். அன்றைக்கு அவர் வருவதற்கு எட்டரை ஆகிறது. ஏற்கெனவே ரவா உப்புமா, தக்காளிச் சாதம், சேமியா மூன்றும் சுற்றிச் சுற்றி வந்து அவருக்கே அலுத்துவிட்டது. ஒரே பாத்திரத்தில், அரை மணிக்குள், புளி ஊறவைக்காமல் ஆகிற மாதிரி உங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள்? உங்கள் ஊர்ப் பெயரோடு சொல்லுங்கள். அவருக்குப் படித்துக் காட்டுகிறேன்.