இங்கிலீஷ்ல இன், ஆன், அட் வர்ற ப்ரேஸ் எல்லாம் எப்படி மனசுல நிக்க வைக்கிறது?

வழிப்போக்கன்26:
வணக்கம் நண்பர்களே, நான் பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், இப்ப கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனில சப்போர்ட் வேலை, தினமும் வெளிநாட்டு கஸ்டமருக்கு மெயில் போடணும். டென்ஸ் எல்லாம் ஓரளவு பிடிபட்டுடுச்சு, இந்த ப்ரிப்போசிஷன் ப்ரேஸ் மட்டும் உயிர வாங்குது. போன வாரம் மீட்டிங்குக்கு வந்துட்டே இருக்கேன்னு சொல்றதுக்கு சாட்ல 'ஐ ஆம் இன் த வே'ன்னு போட்டேன், எல்லாரும் சிரிச்சாங்க, ஏன்னு ஒருத்தரும் சொல்லல, அன்னைக்கு பூரா மனசே சரியில்ல. 200 ப்ரேஸ் நோட்ல எழுதி மனப்பாடம் பண்ணிப் பாத்தேன், பேசும்போது ஒண்ணும் வரல. வேற வழி இருக்கா?

சாக்பீஸ்:
தம்பி, நான் 19 வருஷமா இங்கிலீஷ் டீச்சர். மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நீங்க பண்ணது கவனக்குறைவு இல்ல, தமிழ் அப்படித்தான் இழுக்கும். நாம 'வழியில'ன்னு ஒரே வார்த்தைல ரெண்டையும் சொல்றோம். வர்ற வழியில இருக்கேன்னா 'ஆன் த வே', மாடு வழியில நிக்குதுன்னா 'இன் த வே', அதாவது மறிச்சுக்கிட்டு நிக்குது. நீங்க எழுதினதுக்கு 'நான் இடைஞ்சலா இருக்கேன்'னு அர்த்தம் வந்துடுச்சு, அவ்வளவுதான். அதை அங்கயே ஒருத்தர் சொல்லிக் குடுத்திருக்கணும்.

ஸ்கூல்ல ஐ, ஆல், குன்னு உருபு படிச்சோம்ல, அதுல ஏழாம் வேற்றுமை நம்ம பேச்சுல பெரும்பாலும் ஒரு 'ல'தான். வீட்ல, செவுத்துல, ஏழு மணில, எல்லாத்துக்கும் அதே 'ல'. இங்கிலீஷ்காரன் அதை இன், ஆன், அட்னு மூணா பிரிச்சு வச்சிருக்கான். அதனால 200 ப்ரேஸ் வேணாம், தமிழ்ல ஒரே சொல் இங்கிலீஷ்ல ரெண்டா பிரியுற இடத்த மட்டும் பிடிங்க. 'கடைசில' எடுத்துக்கோங்க. மாசக் கடைசில சம்பளம்னா 'அட் த எண்ட் ஆஃப் த மன்த்', எவ்வளவோ கெஞ்சி கடைசில ஒத்துக்கிட்டார்னா 'இன் த எண்ட்'. அதே மாதிரி 'நேரத்துக்கு'. ட்ரெயின் சொன்ன நேரத்துக்கு வந்தா 'ஆன் டைம்', ட்ரெயின் கெளம்புறதுக்குள்ள நாம போய் சேந்துட்டா 'இன் டைம்'. 'எதிர்ல'யும் இப்படித்தான், பேங்க்குக்கு எதிர்லன்னா ரோட்டுக்கு அந்தப் பக்கம், அது 'ஆப்போசிட் த பேங்க்'. நிறைய பேர் அதுக்கு 'இன் ஃப்ரன்ட் ஆஃப்' போட்டுடறாங்க, கேக்குறவர் பேங்க் வாசல்லயே வந்து நின்னுட்டு இருப்பார்.

மெயில்_மகேஸ்வரி:
அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. ஆபீஸ் மெயில்ல நான் அதிகமா பாக்குறது 'வித்தின் ஃப்ரைடே', இது நம்ம 'வெள்ளிக்கிழமைக்குள்ள'ல இருந்து நேரா வருது. கிழமை சொன்னா 'பை ஃப்ரைடே', ரெண்டு நாளைக்குள்ளன்னு கணக்கு சொன்னாதான் 'வித்தின் டூ டேஸ்'. வெள்ளி வரைக்கும் லீவுன்னா 'அன்டில் ஃப்ரைடே'. இது மாறிப்போனா டெட்லைனே மாறிடும், அதனால இத மட்டுமாவது இன்னைக்கே சரி பண்ணுங்க ப்ரோ. அப்புறம் 'என் மேல கோபம்'ங்கறதால 'ஆங்க்ரி ஆன் மீ'ன்னு வரும், அது 'ஆங்க்ரி வித் மீ'. அவரோட கல்யாணம்ங்கறதால 'மேரீட் வித்'னு வரும், அது 'மேரீட் டு'. 'டிஸ்கஸ் அபௌட்'டும் வேணாம், டிஸ்கஸ்னா அலசுறதுன்னு வச்சுக்கோங்க, 'அதை அலசுவோம்'னுதான சொல்றோம், 'பத்தி' வராதுல்ல.

திண்டுக்கல்_பூட்டு:
மனப்பாடமே கூடாதுங்கறத நான் ஒத்துக்க மாட்டேன். 'ஆன் பிஹாஃப் ஆஃப்' (சார்பா), 'இன் சார்ஜ் ஆஃப்' (பொறுப்புல), 'வித் ரிகார்ட் டு' (சம்பந்தமா) எல்லாம் உருக்கி வார்த்த மாதிரி ஒரே துண்டு, அதுல தமிழ வச்சு யோசிச்சு ஒண்ணும் ஆகாது, அப்படியே முழுங்கணும். (வித் ரிகார்ட்ஸ் டுன்னு எஸ் சேத்து எழுதாதீங்க, அந்த எஸ் மெயில் அடியில போடுற 'ரிகார்ட்ஸ்'க்குதான்.) ஆனா தனி ப்ரேஸா இல்லாம நீங்க நெசமாவே அனுப்பப்போற ஒரு முழு வரியா எழுதி வாய்விட்டு சொல்லணும், நான் அப்படித்தான் கத்துக்கிட்டேன். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் ரெண்டுலயும் கத்துக்குறவங்களுக்குன்னு ஆன்லைன் டிக்‌ஷனரி ஃப்ரீயாவே இருக்கு, எந்த வார்த்தையோட எந்த ப்ரிப்போசிஷன் வரும்னு எடுத்துக்காட்டோட அங்கயே கெடக்கும். தமிழ் அர்த்தம் மட்டும் பாத்துட்டு மூடிடாதீங்க.

வழிப்போக்கன்26:
ரொம்ப நன்றி, 'வழியில' விளக்கம் படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சு, ஒரு வாரமா உறுத்திட்டு இருந்துச்சு. நோட்ட புதுசா ஆரம்பிச்சுட்டேன், இடது பக்கம் தமிழ் சொல், வலது பக்கம் அது பிரியுற ரெண்டு வரி. 'ரெண்டு வருஷமா'வுக்கு 'ஃபார் டூ இயர்ஸ்', '2022ல இருந்து'க்கு 'சின்ஸ் 2022'ன்னு நானே ஒண்ணு சேத்திருக்கேன், சரியா அக்கா? இன்னொண்ணு, கார்ல இருக்கேன்னா 'இன் த கார்', பஸ்ல இருக்கேன்னா 'ஆன் த பஸ்'ஸாமே, அது ஏன்?

சாக்பீஸ்:
ரொம்ப சரி தம்பி, 'சின்ஸ் டூ இயர்ஸ்'னு எழுதுறவங்கதான் அதிகம், நீங்க தாண்டிட்டீங்க. பஸ், ட்ரெயின், ப்ளேன்ல ஏறி எந்திரிச்சு நடக்கலாம், அதுக்கு ஆன். கார், ஆட்டோல குனிஞ்சு உள்ள உக்காரத்தான் முடியும், அதுக்கு இன். எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது, பைக், சைக்கிளுக்கு மேல உக்காரறதால ஆன். ஆனா எதுல வந்தேன்னு மட்டும் சொன்னா 'பை பஸ்', 'பை கார்', நடுவுல 'த' வராது. நாளைக்கு லேட் ஆனா சாட்ல 'ஐ ஆம் ஆன் மை வே, ஸ்டில் ஆன் த பஸ்'னு போடுங்க.