மணல்மேட்டில் பழைய வீடு, மண்ணுக்குள் பழைய குழாய்: கரையோரத்து அனுபவங்கள்

தங்கச்சிமடம், வீட்டுக்காரர்

எங்கள் வீடு 1964 புயலுக்குப் பிறகு தாத்தா கட்டியது. வாசல் மேட்டில், கொல்லை பள்ளத்தில். கழிப்பறை மேட்டுப் பக்கம் இருக்கிறது, செப்டிக் டேங்க் கொல்லைக் கடைசியில், சுமார் 70 அடி தள்ளி. நடுவில் ஓடுவது அந்தக் காலத்து மண் குழாய். ஒவ்வொரு குழாயும் 2 அடிதான் நீளம் என்பதால் அந்த 70 அடிக்குள் 30க்கும் மேல் இணைப்பு. எல்லாம் சணலைச் சுற்றிச் சிமெண்ட் பூசியது.

ஐப்பசி மழை இறங்கினால் எங்கள் வீட்டில் தண்ணீர் இறங்காது. ஆள் வந்து மூங்கில் பத்தையை விட்டுக் குத்துவார், போய்விடும். அடுத்த மழைக்கு மறுபடி அதே கதை. இந்த வருடம் கீழ் சேம்பரை, அதாவது குழாயை இடையில் திறந்து பார்க்கிற மூடி போட்ட சின்னத் தொட்டியை, திறந்தபோது அடியில் ஒரு சாண் உயரத்துக்கு வெள்ளை மணல் கிடந்தது. வந்திருந்த பிளம்பர் அதைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, “அண்ணே, இது வீட்டுக்குள்ளிருந்து வந்த மணல் இல்லை. குழாய் எங்கேயோ வாயைத் திறந்திருக்கு. இனிமே குத்த வேண்டாம், கேமரா விட்டுப் பார்ப்போம்” என்றார்.

நீளமான வளையும் கம்பி, நுனியில் விளக்கோடு சின்னக் கேமரா, கையில் ஒரு திரை. எத்தனை அடி உள்ளே போயிருக்கிறது என்று திரையிலேயே எண் ஓடுகிறது. முதலில் ஈரச் சுவர், 2 அடிக்கு ஒரு இணைப்பு, வேறொன்றும் இல்லை. 20 அடி தாண்டியதும் ஓர் இணைப்பில் முடிக்கற்றை போல வேர் தொங்கியது. வேலியோரம் நிற்கிற பூவரசின் வேர். 38ஆவது அடியில் திரை முழுக்கக் கலங்கல். குழாய் அந்த இடத்தில் தொய்ந்து தண்ணீர் கட்டி நிற்கிறது, கேமரா முங்கிவிட்டது. நாலைந்து அடி தள்ளி மறுபடி வெளியே வந்தபோது ஓர் இணைப்பின் மேல்பக்கம் விரல் நுழைகிற அளவு பிளந்திருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் வழியாக மணல் பொலபொலவென்று உதிர்ந்தது. வீட்டில் எல்லாரும் திரையைச் சுற்றி நின்று பார்த்தோம், ஒருவரும் பேசவில்லை.

மேலே எந்த இடம் என்பதையும் ஒரு கருவியை வைத்துக் கண்டுபிடித்தார்கள். துவைகல்லுக்குப் பக்கத்தில். அங்கே தரை அடிக்கடி குழி விழும், நாங்களும் மணலைப் போட்டு நிரவிக்கொண்டே இருப்போம். போட்ட மணல் எல்லாம் குழாய் வழியாக டேங்க்குக்குத்தான் போயிருக்கிறது.

பிளம்பர் சொன்ன காரணம் இது. மேட்டு மணல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நகரும், குழாயையும் சேர்த்து இழுக்கும். இணைப்பு லேசாக விட்டதும் தண்ணீர் கசியும், கசிகிற தண்ணீர் குழாய்க்கு அடியில் இருக்கிற மணலை அரிக்கும், படுக்கை போனதும் குழாய் தொய்யும். தொய்ந்த இடத்தில் கழிவு தங்கும். அடைப்பு தெரிவது மேலே கழிப்பறையில், கோளாறு இருப்பது நடுக்கொல்லையில். கடைசியில் கொல்லை முழுவதையும் தோண்டவில்லை, அந்த ஒரு பகுதியை மட்டும் எடுத்துவிட்டு பிவிசி போட்டு, அடியில் கெட்டியாகப் படுக்கை அமைத்தார்கள். மற்ற இணைப்புகளையும் வேரையும் அடுத்த கோடையில் பார்க்க வேண்டும்.

நம் பக்கம் மேட்டு வீடு வைத்திருக்கிறவர்கள் அடைப்பு எடுக்கிற காசில் ஒரு பங்கையாவது உள்ளே பார்ப்பதற்குச் செலவு செய்யுங்கள். உங்கள் அனுபவம் இருந்தாலும் எழுதுங்கள்.

கீழக்கரை, உம்மா வழி வீட்டில் இருப்பவர்

எங்கள் தெரு கடலைப் பார்த்துச் சரியும், எங்கள் வீடு கீழ்க்கடைசி. சுண்ணாம்புக் காரை போட்ட பழைய சுவர், நடுவில் முற்றம். மேட்டு வீடுகளின் சமையலறைத் தண்ணீரும் எங்கள் தண்ணீரும் சந்தில் ஒரே குழாயில் சேருகிறது. அடைத்தால் மேட்டு வீட்டுக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் முற்றத்துத் தரையில் தண்ணீர் வடிகிற நஹானி டிராப் வழியாகத்தான் பொங்கும். உம்மா தொழுகைக்குத் தயாராகிற நேரத்தில் முற்றம் முழுக்க அடுத்த வீட்டு எச்சில் தண்ணீர் நின்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வருத்தம் அவருக்கு இன்னும் போகவில்லை.

எங்கள் குழாயில் மணல் இல்லை. கொழுப்பு. விருந்துக்குப் பிறகு கழுவி ஊற்றுகிற நெய், தொதல் கிண்டிய சட்டியின் எண்ணெய், மீன் செதிள், தேங்காய்த் துருவல். சூடாக ஊற்றும்போது நன்றாகத்தான் போகிறது. சந்துக் குழாயில் ஆறியதும் சுவரில் ஒட்டி, செதிளும் துருவலும் அதன்மேல் படிந்து, வெட்டி எடுத்தால் சோப்புக்கட்டி மாதிரி வருகிறது.

முதலில் வந்த ஆட்கள் உயர் அழுத்தத் தண்ணீர் இயந்திரத்தைக் கொண்டுவந்து எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் விட்டார்கள். கொழுப்பு போய்விட்டது, கூடவே பழைய இணைப்பின் பூச்சும் போய்விட்டது. சில வாரத்தில் சந்துப் பக்கச் சுவர் அடியில் ஈரம் ஏற ஆரம்பித்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தைக் குடித்துக்கொண்டே போகும், லேசில் காயாது. இரண்டாவதாக வந்தவர் முதலில் கேமராவை விட்டார், எந்தெந்த இணைப்பு பலவீனம் என்று குறித்துக்கொண்டார், அப்புறம் குறைந்த அழுத்தத்தில் கழுவினார். எங்கள் வீட்டுக் குழாய் சந்தில் சேருகிற இடத்தில் திரும்பி வராமல் தடுக்கிற வால்வு ஒன்றும் போட்டார். அந்த வால்வை அவ்வப்போது திறந்து துடைக்க வேண்டும். செதிள் ஒன்று மாட்டிக்கொண்டாலும் கதவு சரியாக மூடாது.

பாம்பனிலிருந்து ஒரு வேண்டுகோள்

கடையில் விற்கிற ஆசிட்டை ஊற்றி அடைப்பு எடுக்காதீர்கள். பழைய சிமெண்ட் இணைப்பை அது கரைக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, ஆசிட் ஊற்றின இடத்திலேயே பிளீச்சிங் பவுடரையும் போடுவது. குளோரின் வாயு கிளம்பும். என் அத்தை மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தார். ஜன்னல் இல்லாத சின்னக் குளியலறை அது.

மண்டபம், பிளம்பிங் வேலை செய்பவர்

மேலே மூன்று பேர் எழுதியதும் சரி. நான் வேலையில் பார்த்ததைச் சொல்கிறேன்.

“மேட்டு வீடுதானே, தண்ணீர் தானா ஓடிடும், எதுக்கு வாட்டம் பார்க்கணும்?” என்று நிறையப் பேர் கேட்பார்கள். வாட்டம், அதாவது குழாயின் சரிவு, குறைந்தாலும் தொந்தரவு, கூடினாலும் தொந்தரவு. 4 அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு 1 அடி இறக்கம், 6 அங்குலத்துக்கு 60 அடிக்கு 1 அடி என்று நாங்கள் வைத்துக்கொள்வோம். மேடு அதைவிடச் செங்குத்தாக இருந்தால் குழாயை மேட்டோடு சாய்த்துக்கொண்டே போகக் கூடாது. நிதானமான வாட்டத்தில் கொண்டுவந்து, இடையில் சேம்பர் கட்டி, அதற்குள் நேராக இறக்கிவிட்டு, அங்கிருந்து மறுபடி நிதானமாகக் கொண்டுபோக வேண்டும். படி இறங்குகிற மாதிரி. பழைய வீடுகளில் பெரும்பாலும் இதைச் செய்திருக்க மாட்டார்கள். அதனால் சரிவு முடிந்து தரை சமமாகிற இடத்தில் வேகம் சட்டென்று குறைந்து, கனமானது எல்லாம் அங்கேயே உட்கார்ந்துவிடும். மேட்டு வீட்டில் அடைப்பு என்றால் நான் முதலில் மேட்டின் காலடியைத்தான் சந்தேகப்படுவேன்.

கேமரா இல்லாதபோதும் ஒன்று செய்யலாம். இரண்டு சேம்பருக்கு நடுவே குழாய் நேராக இருந்தால், ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் கண்ணாடியைச் சாய்த்துப் பாருங்கள். வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிந்தால் குழாய் நேராக, சுத்தமாக இருக்கிறது. அரை வட்டம் தெரிந்தால் நடுவில் தொய்ந்திருக்கிறது அல்லது ஏதோ கிடக்கிறது. இது பழைய முறைதான், இன்றைக்கும் பொய் சொல்லாது. எந்தக் கழிப்பறை எந்தச் சேம்பருக்கு வருகிறது என்று தெரியாவிட்டால் சொட்டு நீலத்தைத் தாராளமாக ஊற்றித் தண்ணீர் விட்டுப் பாருங்கள்.

கேமராவுக்கும் ஒரு எல்லை உண்டு. குழாய் நிறைய அழுக்குத் தண்ணீர் நிற்கும்போது விட்டால் கலங்கல்தான் தெரியும். முதலில் மெதுவாகச் சுத்தம் செய்து, வடியவிட்டு, அப்புறம் விட வேண்டும். பார்த்து முடித்ததும் வீடியோவை உங்கள் போனுக்கு வாங்கிக்கொள்ளுங்கள், அடிக்கணக்கு திரையில் தெரிகிற மாதிரி. “உள்ளே எல்லாம் போச்சு, மொத்தமா மாத்தணும்” என்று ஒருவர் சொன்னால் இன்னொருவரிடம் காட்டிக் கேட்க அது ஒன்றுதான் ஆதாரம்.

ராமேஸ்வரம், கந்தமாதன பர்வதம் பக்கம்

கிணறு பற்றி யாரும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை. நம் தீவில் நல்ல தண்ணீர் என்பது மழைநீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிற ஒரு படலம். அதைத்தான் கிணறு வெட்டி எடுக்கிறோம், அதே மணலுக்குள்தான் கழிவையும் இறக்குகிறோம்.

எங்கள் மேட்டில் பழைய வீடுகளின் தொட்டி பலதுக்கு அடித்தளமே கிடையாது. “எங்க டேங்க் நிறைஞ்சதே இல்லை” என்று பெருமையாகச் சொல்வார்கள். நிறையவில்லை என்றால் அது எங்கோ போகிறது என்று அர்த்தம். மேட்டில் தொட்டி, கீழே அடுத்த வீட்டுக் கிணறு என்றால் தண்ணீர் போகிற திசையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் குறைந்தது 18 மீட்டர், அதாவது 60 அடி இடைவெளி வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். சரிவில் கிணறு கீழே இருந்தால் 60 அடியை நம்பி நான் சும்மா இருக்க மாட்டேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்ததில் மலக்கிருமி இருப்பதாக வந்தது. பார்வைக்குப் பளிங்குத் தண்ணீர், வாசனையும் இல்லை. மேட்டு வீட்டு அண்ணனிடம் அந்தத் தாளைக் காட்டிப் பேசினேன். சண்டை ஒன்றும் வரவில்லை, அவர் பேரப்பிள்ளைகளும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். தொட்டிக்கு அடித்தளம் போட்டு, உறிஞ்சு குழியை வேறு பக்கம் மாற்றினார்.

சாயல்குடி

நான் எழுதப் போவது கேட்க நன்றாக இருக்காது, ஆனால் மேட்டு வீட்டுக்காரர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

கழிவு லாரி மேட்டுத் தெருவில்தான் நிற்க முடியும். தொட்டி கீழே கொல்லையில். ஹோஸை எவ்வளவு நீளத்துக்கும் சேர்த்துக்கொண்டே போகலாம், ஆனால் உயரத்துக்கு உறிஞ்ச முடியாது. காற்றழுத்தக் கணக்குப்படி எந்த உறிஞ்சு பம்பும் தண்ணீரை சுமார் 34 அடிக்கு மேல் தூக்காது. கெட்டியான கழிவும் பழைய பம்பும் என்றால் அதில் பாதிகூடச் சில நேரம் வராது. அப்போதுதான் யாராவது ஒருவர், “மேல்தண்ணி வந்துடுச்சு, அடியில இருக்கிறதை ஆள் இறங்கி வாளியில எடுத்துடலாம்” என்று ஆரம்பிப்பார்.

யாரையும் இறக்காதீர்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வது குற்றம். முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உச்ச நீதிமன்றம் 2014இல் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது, 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தண்டனைக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. தொட்டிக்குள் இருக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு முதலில் அழுகிய முட்டை மாதிரி நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவர் மேலே வர மாட்டார். அவரைத் தூக்க இறங்குகிற இரண்டாவது ஆளும் போய்விடுவார். இறங்குகிறவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கெட்டிப்பட்டிருந்தால் தண்ணீர் விட்டுக் கலக்கி, வெளியில் நின்றுகொண்டே நீண்ட கம்பால் கிளறி, மறுபடி உறிஞ்சச் சொல்லுங்கள். 2, 3 வருடத்துக்கு ஒரு தடவை எடுத்துவிட்டால் அவ்வளவு கெட்டியாகவே ஆகாது. தொட்டி சுத்தம் செய்ய 14420 என்ற உதவி எண் இருக்கிறது.

தேவிபட்டினத்திலிருந்து ஒரு கேள்வி

எல்லாவற்றையும் படித்தேன். மண்டபம் பக்கம் மேட்டில் ஒரு பழைய வீடு விலைக்கு வருகிறது, 50 வருடத்துக்கு மேல் இருக்கும். முன்பணம் கொடுக்கும் முன்பு என்ன பார்க்க வேண்டும்?

மண்டபம், பிளம்பிங் வேலை செய்பவர்

தம்பி, மழைக்காலத்தில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். வெயிலில் பார்த்தால் எல்லாக் குழாயும் நல்ல குழாய்தான். கொல்லையில் குழாய் போகிற பாதையில் தரை எங்காவது குழிந்திருக்கிறதா, ஓரிடத்தில் மட்டும் புல் செழிப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். சேம்பர் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். திறக்கவே வராத அளவுக்குப் பூசி மூடியிருந்தால், பல வருடமாக யாரும் உள்ளே பார்க்கவில்லை. அடியில் மணல் கிடந்தால் கேமரா விடாமல் பேச்சை நகர்த்தாதீர்கள். பூவரசு, வேம்பு, ஆல் எதுவும் குழாய்ப் பாதைக்குப் பக்கத்தில் நிற்கிறதா என்பதையும் கவனியுங்கள், மரத்தை வெட்ட வேண்டாம், இணைப்பு இல்லாத குழாயாக மாற்றிக்கொள்ளலாம். மொட்டை மாடிக்குப் போகிற காற்றுக்குழாய் இரும்பு என்றால் உப்புக்காற்றில் பெரும்பாலும் துருப்பிடித்து ஓட்டையாகியிருக்கும், கச்சான் காற்று அடிக்கிறபோது நாற்றம் வீட்டுக்குள்தான் திரும்பும். கிணறு எந்தப் பக்கம், கீழ்வீட்டுக் கிணறு எந்தப் பக்கம் என்று கேளுங்கள். அப்புறம் லாரி நிற்கிற இடத்துக்கும் தொட்டியின் அடிமட்டத்துக்கும் உயர வித்தியாசம் எவ்வளவு என்று டேப் வைத்து அளந்துவிட்டு விலை பேசுங்கள்.