பகலில் எரிகிற ஃபாக் லைட் ராத்திரியில் எரியவில்லை, அவசரம்

நடு_எஞ்சின்:
வணக்கம். டேஷ்போர்டில் புதிதாக இரண்டு ராக்கர் ஸ்விட்ச் போட்டேன். ஒன்று ஃபாக் லைட்டுக்கு, இன்னொன்று ஃபேனுக்கு. பகலில் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. ராத்திரி வண்டியை எடுத்தால் ஃபாக் லைட் எரிய மாட்டேன் என்கிறது. சில நாள் எரிகிறது, பல நாள் இல்லை. ரிலே (ஸ்விட்சின் சின்னக் கரண்டில் இயங்கி, லைட்டுக்குப் பெரிய கரண்டை விடுகிற பெட்டி) போட்டிருக்கிறேன், ஃப்யூஸ் போகவில்லை, எர்த் (வண்டி பாடி வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்புகிற இணைப்பு) எல்லாம் சரியாகக் கொடுத்திருக்கிறேன். சனிக்கிழமை வண்டியை வெளியே எடுத்தாக வேண்டும். எதைப் பார்க்கலாம்? சீக்கிரம் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

கரண்ட்_கம்பி:
எந்தக் கார்? எந்த வருடம்? ஸ்விட்சில் எத்தனை பின்? கரண்ட் எங்கிருந்து எடுத்தீர்கள்? ஃபேன் என்றால் எந்த ஃபேன்? இதெல்லாம் சொல்லாமல் "எல்லாம் சரி" என்றால் நாங்கள் என்ன ஜோசியமா பார்ப்பது?

ஏழாம்_கியர்:
ரிலே டூப்ளிகேட். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். போன வருடம் நான்கு ரிலே வாங்கினேன், மூன்று மாதத்தில் இரண்டு போய்விட்டது. பிரித்துப் பார்த்தால் உள்ளே பாயின்ட் கருகி, மூடியின் பிளாஸ்டிக்கே இளகியிருந்தது. வேறு நல்ல ரிலே மாட்டிப் பாருங்கள் ப்ரோ, அப்புறம் பேசுவோம்.

ஓம்விதி:
மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். அடிப்படைக் கணக்கு தெரியாமல் டேஷ்போர்டைக் கழற்றக் கூடாது. 55 வாட் பல்ப் இரண்டு என்றால் 110 வாட். 12-ஆல் வகுத்தால் 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். அத்தனையையும் ஒரு சின்ன ஸ்விட்ச் வழியாக ஓட்டினால் உள்ளே இருக்கிற பாயின்ட் சூடாகத்தான் செய்யும். ஸ்விட்ச் ரிலேயை மட்டும் இயக்க வேண்டும், லைட்டுக்கான கரண்ட் ரிலே வழியாகப் போக வேண்டும். இதைக்கூட நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கரண்ட்_கம்பி:
ஓம்விதி சார், ரிலே போட்டிருக்கிறேன் என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறாரே.

ஓம்விதி:
எழுதியிருக்கிறார். சரியாகப் போட்டாரா என்பதுதான் கேள்வி.

ராத்திரி_மெக்கானிக்:
எனக்கு இது ஆல்டர்னேட்டர் விவகாரமாகத்தான் தெரிகிறது. பகலில் லோடு கிடையாது. ராத்திரியில் ஹெட்லைட், பின் லைட், ப்ளோயர், ரேடியோ எல்லாம் சேர்ந்து வோல்டேஜைக் கீழே இழுக்கும். ரொம்பக் கீழே போனால் ரிலே தடுமாறும். எல்லா லைட்டையும் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு, பேட்டரி முனையில் மீட்டரை வைத்துப் பாருங்கள். 13.5-க்கு மேலே நின்றால் நான் சொன்னது தப்பு.

நடு_எஞ்சின்:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். கார் டொயோட்டா எம்.ஆர்.2, எஸ்.டபிள்யூ.20 மாடல், 1991. ஸ்விட்ச் ஐந்து பின், பின்னால் 2, 3, 6, 7, 8 என்று அச்சிட்டிருக்கிறது. கூட வந்த தாளில் இருந்தபடி 2-க்கு சாவி போட்டால் வருகிற கரண்ட், ரேடியோ ஃப்யூஸிலிருந்து. 3 ரிலேயின் 86-க்கு, அதாவது உள்ளே இருக்கிற காயிலின் ஒரு முனைக்குப் போகிறது. 8-க்கு டேஷ் லைட் வயர். 6, 7 எர்த். ரிலேயின் 30-க்கு பேட்டரியிலிருந்து நேராக, நடுவில் 15 ஆம்பியர் ஃப்யூஸ். 87 லைட்டுக்கு. காயிலின் மறுமுனை 85 எர்த்.

ஃபேன் என்றது எஞ்சின் ரூமில் நான் கூடுதலாக வைத்தது. இந்தக் காரில் எஞ்சின் சீட்டுக்குப் பின்னால், அதன் ரிலேயும் எஞ்சின் பக்கமே இருக்கிறது. அது ராத்திரியும் ஓடுகிறது, ஆனால் அந்த ஸ்விட்சில் இருக்கிற குட்டி லைட் மங்கிப்போகிறது. அதை விடுங்கள், ஃபாக் லைட்தான் முக்கியம்.

வேறு ரிலே மாட்டிப் பார்த்தேன், அதே கதை. எல்லா லைட்டும் போட்ட பிறகும் பேட்டரியில் 13.9 காட்டுகிறது.

ராத்திரி_மெக்கானிக்:
13.9 என்றால் நான் விலகிக்கொள்கிறேன். ஆனால் பேட்டரியில் 13.9 இருந்தால் ஸ்விட்ச்சிலும் 13.9 இருக்கும் என்று அர்த்தமில்லை. 2-ஆம் பின்னில் ராத்திரி எவ்வளவு வருகிறது என்று பார்த்துவிடுங்கள்.

பாப்அப்_ரசிகன்:
நிறுத்துங்கள் நிறுத்துங்கள். 1991 எஸ்.டபிள்யூ.20 டேஷ்போர்டில் ஓட்டை போட்டீர்களா? முப்பது வருடத்துக்கு மேல் தப்பிப் பிழைத்த டேஷ். வெயிலில் வெடிக்காமல் ஒன்று கிடைப்பதே பெரிய விஷயம். எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

நடு_எஞ்சின்:
டேஷைத் தொடவில்லை. கீழே கழற்றி மாட்டுகிற ஒரு தட்டில்தான் வெட்டினேன். பழைய தட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஓட்டை சுமார் 37-க்கு 21 மில்லிமீட்டர். இரண்டாவது ஓட்டையில் அரம் கொஞ்சம் அதிகம் போய்விட்டது, ஸ்விட்ச் ஆடுகிறது.

பாப்அப்_ரசிகன்:
சரி, மூச்சு வந்தது. ஆடுகிற பக்கம் மெல்லிய ஃபோம் டேப் ஒரு சுற்று ஒட்டுங்கள். அப்புறம் ஸ்டீயரிங் தண்டுப் பக்கம் கை விடும்போது மஞ்சள் உறை போட்ட வயரோ கனெக்டரோ இருந்தால் அது ஏர்பேக். மீட்டர்கூட வைக்காதீர்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி 90 விநாடியாவது விட்டுத்தான் அந்தப் பக்கம் போக வேண்டும்.

ஏழாம்_கியர்:
இரண்டாவது ரிலேயும் அதே கடையில் வாங்கியதா?

கரண்ட்_கம்பி:
ரிலேயை விடுங்கள். ராத்திரி ஸ்விட்சை அமுக்கும்போது ரிலேயில் டிக் சத்தம் வருகிறதா?

நடு_எஞ்சின்:
பகலில் தெளிவாக வருகிறது. ராத்திரி எரியாதபோது வருவதில்லை. ஒருமுறை காதை வைத்துக் கேட்டபோது உள்ளே ஏதோ முனகுகிற மாதிரி இருந்தது.

கரண்ட்_கம்பி:
அப்படியென்றால் லைட் பக்கம் கோளாறில்லை. 30-ம் 87-ம் தப்பித்தன. காயிலுக்குப் போதுமான வோல்டேஜ் போகவில்லை. 85, 86 இரண்டில் ஒன்று. வயர்களை எப்படி இணைத்தீர்கள்? கம்பியைக் கடித்துப் பிடிக்கிற நீலக் கிளிப்பாக இருந்தால் அதுதான் குற்றவாளி.

நடு_எஞ்சின்:
கிளிப் இல்லை. கிரிம்ப், லக் என்கிற உலோக முனையை வயரோடு சேர்த்து நசுக்கியது.

ஓம்விதி:
கிரிம்ப். நினைத்தேன். ஈயம் வைத்துப் பற்றவைத்து மேலே ஹீட் ஷ்ரிங்க் போட்டிருந்தால் இந்த இழையே வந்திருக்காது.

கரண்ட்_கம்பி:
ஓம்விதி சார், கார் கம்பெனியிலிருந்து வருகிற வயர் கட்டை, அதாவது ஹார்னஸைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். கனெக்டர் பின் ஒவ்வொன்றும் கிரிம்ப்தான். ஈயம் வைத்தால் அது இழைகளுக்கு நடுவே ஊறி வயரைக் குச்சி மாதிரி விறைப்பாக்கிவிடும். அதிர்கிற வண்டியில் அந்த விறைப்பு முடிகிற இடத்தில்தான் ஒடியும்.

ஓம்விதி:
கம்பெனி மெஷினில் செய்கிற கிரிம்ப் வேறு, வீட்டில் கட்டிங் பிளேயரால் நசுக்குவது வேறு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். நான் பற்றவைத்த ஒரு ஜாயின்ட்டும் இதுவரை திரும்பி வந்ததில்லை.

ஏழாம்_கியர்:
இதில் நான் ஓம்விதி பக்கம்.

ராத்திரி_மெக்கானிக்:
ராட்செட் வைத்த நல்ல கிரிம்ப் டூல், அளவுக்கேற்ற லக், உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க். இது மூன்றும் இருந்தால் கிரிம்ப். இல்லாவிட்டால் பற்றவைத்து, ஜாயின்ட்டுக்கு இரண்டு பக்கமும் வயரை அசையாமல் கட்டுங்கள். எதுவாக இருந்தாலும் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். இதற்கு ஏன் சண்டை?

ஓம்விதி:
சண்டை இல்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்.

திருகாணி:
நடுவில் வருகிறேன், ஒரே ஒரு கேள்வி. எர்த் எர்த் என்கிறீர்களே, எந்த போல்ட்டில் கொடுத்தீர்கள்?

நடு_எஞ்சின்:
போல்ட் இல்லை. சிகரெட் லைட்டரைச் சுற்றி ஒளிர ஒரு குட்டி பல்ப் இருக்கிறதல்லவா, அதற்கு இரண்டு வயர் வருகிறது. பார்க்கிங் லைட் போட்டால் ஒன்றில் 12 வோல்ட் வந்தது, அதை 8-க்கு எடுத்தேன். மற்றது எர்த்தானே, அதிலேயே இரண்டு ஸ்விட்சின் 6, 7, அப்புறம் ஃபாக் ரிலேயின் 85 எல்லாவற்றையும் சேர்த்துவிட்டேன். மீட்டரில் கன்டினியுட்டி, அதாவது பாடியோடு தொடர்பு இருக்கிறதா என்று பார்த்துத்தான் கொடுத்தேன், பீப் வந்தது.

திருகாணி:
கிடைத்துவிட்டது. அது எர்த் இல்லை.

அந்தக் காலத்து ஜப்பானியக் கார்கள் பலவற்றில், டொயோட்டா உட்பட, டேஷ் லைட்டை மங்கவைக்கிற டிம்மர் நெகட்டிவ் பக்கம்தான் உட்கார்ந்திருக்கும். பார்க்கிங் லைட் போட்டால் பல்புகளுக்கு முழு 12 வோல்ட்டும் நேராக வந்துவிடும். பல்புகளின் மறுமுனை எல்லாம் ஒரே வயரில் சேர்ந்து டிம்மருக்குப் போய், அங்கிருந்துதான் பாடிக்கு இறங்கும். நீங்கள் பிடித்தது அந்த வயர்.

பகலில் ஏன் வேலை செய்கிறது? டேஷ் பல்புகள் அணைந்திருக்கின்றன. டிம்மர் வழியாகப் போவது உங்கள் ரிலே காயிலின் கரண்ட் மட்டும், 150 மில்லி ஆம்பியர் அளவுக்கு. டிம்மரில் சில ஓம் இருந்தாலும் ஒரு வோல்ட் போல வீணாகும், ரிலே கண்டுகொள்ளாது. ராத்திரி டேஷ் பல்ப் அத்தனையின் கரண்ட்டும் அதே வழியில் இறங்குகிறது. கண் கூசுகிறது என்று டிம்மரைக் குறைத்தீர்களானால் உங்கள் "எர்த்" ஐந்து, ஆறு, ஏழு வோல்ட் என்று மேலே ஏறி நிற்கும். ஒரு பக்கம் 13, மறுபக்கம் 7. காயிலுக்கு மிஞ்சுவது 6. பன்னிரண்டு வோல்ட் ரிலே பிடிக்க ஏழெட்டு வேண்டும். அதனால்தான் முனகல்.

சில நாள் எரிந்ததற்கும் காரணம் இதுதான். டிம்மர் முழு வெளிச்சத்தில் இருந்திருக்கும். இல்லாவிட்டால் பார்க்கிங் லைட் போடும் முன்பே ஃபாக் ஸ்விட்சை அமுக்கியிருப்பீர்கள். ஒருமுறை பிடித்த ரிலே, வோல்டேஜ் நன்றாகக் குறைந்தாலும் லேசில் விடாது.

"அதை விடுங்கள்" என்று சொன்னீர்களே, ஃபேன் ஸ்விட்சின் குட்டி லைட் மங்குகிறது என்று, அதைப் படித்ததும்தான் சந்தேகம் வந்தது. ஃபேன் ரிலேக்கு எஞ்சின் பக்கம் பாடியிலேயே எர்த், அதனால் ஓடுகிறது. ஸ்விட்ச் லைட்டுக்கு மட்டும் டிம்மர் எர்த், அதனால் மங்குகிறது.

பீப்பை நம்பாதீர்கள். பல மீட்டர்கள் முப்பது, நாற்பது ஓம் வரைக்கும் பீப் கொடுக்கும்.

சோதனை இப்படி: மீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை பெயின்ட் இல்லாத பாடி இரும்பில், சிவப்பு முனை நீங்கள் எர்த் என்று நினைக்கிற வயரில். பார்க்கிங் லைட்டைப் போட்டு டிம்மரை மெதுவாகச் சுற்றுங்கள். நிஜ எர்த்தாக இருந்தால் பூஜ்யத்தைவிட்டு அசையாது. அசைந்தால் 85-ஐயும் இரண்டு 6-ஐயும் எடுத்து, பெயின்ட் சுரண்டிய போல்ட்டில் ரிங் லக் வைத்து இறுக்குங்கள். 7-ஐ மட்டும் அங்கேயே விடலாம். அது ஸ்விட்சின் பின்வெளிச்சம், மற்ற டேஷ் லைட்டோடு சேர்ந்து மங்கட்டும், அதுதான் அழகு. பின் நம்பர் மட்டும் உங்கள் தாளோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள், 7-ஐயும் 8-ஐயும் மாற்றிப் போடுகிற கம்பெனியும் உண்டு.

கரண்ட்_கம்பி:
அருமை. 85, 86 இரண்டில் ஒன்று என்று சொன்னேன், எர்த் எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை.

ஓம்விதி:
எர்த்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதையே சொல்ல வந்தேன்.

கரண்ட்_கம்பி:
சொல்ல வந்த வழியில் ஈயம் காய்ச்சிக்கொண்டிருந்தீர்கள் போல.

ஏழாம்_கியர்:
எதற்கும் ரிலேயையும் மாற்றிவிடுங்கள் ப்ரோ.

ராத்திரி_மெக்கானிக்:
சனிக்கிழமை போய், ஞாயிறும் போய்விட்டது. ஆள் எங்கே? வண்டி ஓடியதா?

பாப்அப்_ரசிகன்:
தட்டின் படமாவது போடுங்கள் நண்பா.

நடு_எஞ்சின்:
தாமதத்துக்கு மன்னிக்கவும். டிம்மர்தான். லைட் போட்டு டிம்மரைக் கீழே இறக்கினால் அந்த வயரில் 7.4 வோல்ட், ஏற்றினால் 0.3. திருகாணி சொன்ன மாதிரி போல்ட்டுக்கு மாற்றினேன், இப்போது எப்படி வைத்தாலும் எரிகிறது. மிக்க நன்றி.

வயரை மாற்றும்போது லேசாக இழுத்ததும் ஒரு கிரிம்ப் கையோடு வந்துவிட்டது. அதையும் சரி செய்துவிட்டேன்.

ஓம்விதி:
கையோடு வந்ததா?

கரண்ட்_கம்பி:
எந்த டூலில் கிரிம்ப் செய்தீர்கள்? லக் என்ன அளவு, வயர் என்ன அளவு?

ஓம்விதி:
கையோடு வந்ததாம்.

கரண்ட்_கம்பி:
நடு_எஞ்சின், டூல் எது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.