கலைச்சொல்: பழத்தோலில் இருப்பது மாவுச்சத்தா, பிசினா?

தண்டையார்பேட்டையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் மாணவர்கள் வைக்கும் அறிவியல் கண்காட்சிக்கு ஒரு சொல் வேண்டும். எம்.சி. ரோடு ஜூஸ் கடைகளில் மிஞ்சும் சாத்துக்குடித் தோல், மாதுளைத் தோல் இரண்டிலிருந்தும் பாலிசாக்கரைடை, அதாவது சர்க்கரை மூலக்கூறுகள் நீளமாகக் கோத்த பொருளைப் பிரித்து, அது ஆக்சிஜனேற்றத்தை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கப் போகிறார்கள். பலகையில் 'பழத்தோல் மாவுச்சத்தின் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு' என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு 'மாவுச்சத்து' உறுத்துகிறது. 'கூட்டுச்சர்க்கரை' என்று மாற்றலாமா?

இராயபுரத்திலிருந்து:

உறுத்துவது நியாயம்தான் ஐயா. மாவுச்சத்து என்றால் படிப்பவருக்கு அரிசியும் உருளைக்கிழங்கும்தான் நினைவுக்கு வரும். சாத்துக்குடித் தோலின் உட்புற வெள்ளைப் பஞ்சில் ஒரு சொட்டு அயோடின் விட்டுப் பாருங்கள், பழுப்பு பழுப்பாகவே நிற்கும். அரிசி வடித்த கஞ்சியில் விட்டால் அடுத்த நொடி கருநீலம். பலகைக்குப் பக்கத்திலேயே இந்த இரண்டு கிண்ணத்தையும் வைத்தால் சொல் ஏன் பொருந்தாது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

கூட்டுச்சர்க்கரையும் வேண்டாம். 'தோலில் சர்க்கரையா, சுகர் ஏறுமா?' என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். அந்த வெள்ளைப் பஞ்சில் பெரும்பங்கு பெக்டின், அதாவது காலக்டுரோனிக் அமிலம் ஒன்றோடொன்று கோத்த நீண்ட தொடர். அதை நம் குடலால் செரிக்க முடியாது. காய்ந்த தோல் 100 கிராமில் 20 முதல் 30 கிராம் வரை பெக்டின் இருக்கும். ஜாமை உறைய வைப்பதும் இதே பொருள்தான். 1825இல் பிரெஞ்சு வேதியியலாளர் பிராகொனோ பெயர் வைத்தபோது 'உறைவது' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லைத்தான் எடுத்தார்.

நம்மிடம் இதற்குப் பழகிய சொல் இருக்கிறதே, பிசின். பாதாம் பிசினைத் தண்ணீரில் ஊறப்போட்டால் உப்பி வழவழவென்று ஆகிறது. வேதியியலில் அதுவும் பாலிசாக்கரைடுதான். எனவே 'தோல்பிசின்' என்கிறேன்.

தண்டையார்பேட்டையிலிருந்து:

> எனவே 'தோல்பிசின்' என்கிறேன்.

அருமையான சொல் அம்மா. இரண்டு சந்தேகம். குங்கிலியத்தையும் பிசின் என்கிறோமே, அது கார்போஹைட்ரேட் இல்லையே? அடுத்தது, தோற்பாவை, தோற்பை போல 'தோற்பிசின்' என்றுதானே வர வேண்டும்?

வியாசர்பாடியிலிருந்து:

புணர்ச்சியில் ஐயா சொல்வதே சரி, தோற்பிசின். முன்னால் 'பழ' சேர்த்துப் 'பழத்தோற்பிசின்' என்று விடுங்கள், இல்லையென்றால் யாராவது சரும ஒவ்வாமைக்கு மருந்து என்று நினைத்துக்கொள்வார்கள். குங்கிலியம் தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். இது நேர் எதிர், சுடுதண்ணீரில் கரைந்து ஆல்கஹாலில் திரியும். அகராதி விளக்கத்தில் இந்த ஒரு வரியைச் சேர்த்தால் குழப்பம் தீர்ந்தது. செல்லுலோஸ் சுடுதண்ணீரில் வராது, அது சக்கையோடு நின்றுவிடும்.

எனக்குச் சண்டை சொல்லின் மறுபாதியோடுதான். 'ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பிசின்' என்று பெயரிலேயே குணத்தை ஒட்டிவிடக் கூடாது. தடுப்பது பிசினா, அதில் ஒட்டிக்கொண்டு வந்த பீனாலா (ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் தாவரப் பொருள்) என்பதே இந்தத் துறையில் தீராத வழக்கு. மாதுளைத் தோலில் டானின், அதாவது துவர்ப்புத் தரும் பீனால் வகை, மிக அதிகம். கழுவாமல் பிரித்தால் வீழ்படிவு பழுப்பாக வரும், அளவீடும் பிரமாதமாக இருக்கும். அந்தப் பெருமை பிசினுக்குச் சேராது.

மாணவர்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தோலைக் கடையில் பிழிந்த ஓரிரு மணிக்குள் வாங்க வேண்டும். மே மாத வெயிலில் சாயங்காலம்வரை வாளியில் கிடந்தால் நொதித்து, தொடர் அறுந்து, கையில் நழுவும் கூழாகிவிடும். வந்ததும் கொதிநீரில் சில நிமிடம் போட்டு நொதியைச் செயலிழக்க வைத்து, 50 டிகிரியில் உலர்த்திப் பொடியாக்கட்டும். அடுத்து 80 சதவீத ஆல்கஹாலில், வடிநீர் நிறமில்லாமல் வரும்வரை கழுவ வேண்டும். சர்க்கரை, வைட்டமின் சி, எண்ணெய், ஒட்டாத பீனால் எல்லாம் இதில் போய்விடும். இந்தப் படியைத்தான் அவசரத்தில் தாண்டிவிடுகிறார்கள். பிறகு ஒரு பங்கு பொடிக்கு 20 பங்கு தண்ணீர், சிட்ரிக் அமிலத்தால் பி.எச். 2, சூடு 80 முதல் 90 டிகிரி, ஒரு மணி நேரம். அதற்கு மேல் கொதிக்கவிட்டால் அமிலமே தொடரை வெட்டும். சுடச்சுட வடிகட்டி, ஆறியதும் மூன்று பங்கு ஆல்கஹால் ஊற்றினால் மேகம் மாதிரி திரண்டு மிதக்கும். ஓர் இரவு குளிரில் வைத்து எடுக்கலாம்.

அதில் துளி எடுத்துக் கரைத்து ஃபெரிக் குளோரைடு விடுங்கள். கருநீலமோ கரும்பச்சையோ வந்தால் டானின் இன்னும் இருக்கிறது. நிறம் மாறாவிட்டாலும் பிணைந்த பீனால் கொஞ்சம் இருக்கக்கூடும்.

அளவீட்டிலும் ஒரு பள்ளம் உண்டு. டிபிபிஎச் என்ற வேதிப்பொருளை வைத்து அளக்கும் முறையில், ஆக்சிஜனேற்றத் தடுப்பி பட்டதும் அதன் ஊதாக் கரைசல் வெளுப்பதை 517 நானோமீட்டரில் பார்க்கிறோம். அந்தக் கரைசல் மெத்தனாலில் இருப்பது, பிசினோ மெத்தனாலைக் கண்டால் திரிந்துவிடும். கலங்கிய குழாயைக் கருவியில் வைத்தால், கலங்கலையும் நிறமென்று சேர்த்துப் படித்துத் திறனைக் குறைத்துக் காட்டும். தண்ணீரைக் கூட்டினால் டிபிபிஎச்சே ஒழுங்காகக் கரைவதில்லை. இதற்கு, தண்ணீரில் கரையும் ஏபிடிஎஸ் என்ற இன்னொரு வேதிப்பொருள் தோது. 7 மில்லிமோலார் ஏபிடிஎஸ், 2.45 மில்லிமோலார் பொட்டாசியம் பர்சல்ஃபேட், இருட்டில் 12 முதல் 16 மணி நேரம், 734 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் 0.70 வரும்வரை நீர்த்தல். எல்லாம் தண்ணீரிலேயே நடக்கும்.

இராயபுரத்திலிருந்து:

ஏற்கிறேன். ஆனால் பிசினுக்குச் சொந்தத் திறனே இல்லை என்று ஆகிவிடக் கூடாது. அதன் கார்பாக்சில் தொகுதிகள் இரும்பு அயனியைப் பற்றிக்கொள்வதால், ஹைட்ராக்சில் தனியுறுப்பு (ஃப்ரீ ராடிக்கல், ஆக்சிஜனேற்றத்தைக் கிளப்பும் நிலையற்ற துகள்) உண்டாவதே குறையும். இப்படிப் பற்றுவதை ஆங்கிலத்தில் 'செலேஷன்' என்பார்கள், பாடநூலில் இதற்குக் 'கொடுக்கு இணைப்பு' என்று ஏற்கெனவே இருக்கிறது. அந்த ஆங்கிலச் சொல்லின் கிரேக்க மூலத்துக்கும் நண்டுக் கொடுக்கு என்பதே பொருள். மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல சொல் கிடைக்காது, விளக்கப் படமாகவே வரைந்துவிடுவார்கள்.

தனியுறுப்பை இல்லாமல் ஆக்குவதற்குத் (ஆங்கிலத்தில் 'ஸ்காவெஞ்சிங்') 'துப்புரவு' என்று சிலர் எழுதுகிறார்கள். மாநகராட்சி வண்டிதான் கண்முன் வருகிறது. தாகம் தணிகிறது, சூடு தணிகிறது என்கிறோம். 'தனியுறுப்புத் தணிப்பு' போதும்.

தண்டையார்பேட்டையிலிருந்து:

அப்படியானால் பலகையில் இப்படி எழுதச் சொல்கிறேன்: 'பழத்தோற்பிசின்: தனியுறுப்புத் தணிப்பும் இரும்புக் கொடுக்கு இணைப்பும்'. ஃபெரிக் குளோரைடு சோதனை முடிவு கீழே சிறு எழுத்தில். வாழைக்காய்த் தோலையும் சேர்க்கலாமா என்று கேட்கிறார்கள்.

வியாசர்பாடியிலிருந்து:

சேர்க்கட்டும், ஆனால் தனி வரிசையில். காயின் தோலில் உண்மையாகவே மாவுச்சத்து உண்டு, சுடுதண்ணீரில் பிசினோடு சேர்ந்து வரும். அயோடின் கிண்ணத்தை அங்கேயும் ஒன்று வைக்கச் சொல்லுங்கள்.