வீட்டு வரியில் 10 சதவீதம் குறைப்பாங்களாம்: ரெயூனியன்ல இருக்கிறவங்க என்ன நினைக்கிறீங்க?

கொய்யாத்தோப்பு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். புதுச்சேரியிலிருந்து வந்து, இந்தப் பிரெஞ்சுத் தீவின் கிழக்குப் பக்கம் சொந்தமாக வீடு கட்டிக் குடியிருக்கிறேன். இந்த வருஷ (2025) தாக்ஸ் ஃபோன்சியேர், அதாவது வீட்டுச் சொந்தக்காரர் கட்டும் வீட்டு வரி, 1,612 யூரோ. அக்டோபரில் கட்டியாகிவிட்டது, வயிற்றெரிச்சல்தான் இன்னும் அடங்கவில்லை.

2026 மார்ச் 15, 22 இரண்டு சுற்றாக மேரி (நகராட்சி) தேர்தல் வருகிறது. அதற்குள் தபால் பெட்டியில் துண்டறிக்கை விழ ஆரம்பித்துவிட்டது. ஒரு அணி, ஜெயித்தால் வீட்டு வரியில் 10 சதவீதம் குறைப்போம் என்கிறது. இன்னொரு அணி வரியைத் தொடமாட்டோம், செலவைப் பார்த்துச் செய்வோம் என்கிறது. பதவியில் இருப்பவர்களோ, நாங்கள் வரியை ஏற்றவே இல்லையே என்கிறார்கள். ஏற்றாமல் என் காகிதத்தில் மட்டும் எப்படி வருஷா வருஷம் ஏறுகிறது?

2025 பிப்ரவரி 28 கரான்ஸ் புயலில் எங்கள் தெருக் கால்வாயின் இரும்புக் கம்பி வலையில் கரும்புச் சோகையும் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றும் சிக்கி, தண்ணீர் திரும்பி வாசல்படி வரை வந்தது. அந்த வலையை அதற்கு முன்னால் யாரும் சுத்தம் செய்து நான் பார்த்ததில்லை. நூறடி தள்ளி விளையாட்டுத் திடலில் ஆளே இல்லாமல் ராத்திரி பூரா விளக்கு எரிகிறது. இவர்களுக்குப் பணம் குறைவா, அதிகமா? எனக்குப் புரியவில்லை.

துறைமுகத்தான்:

இதில் யோசிக்க என்ன இருக்கு அண்ணே? குறைக்கிறவனுக்குப் போடுங்க. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையேன்னு செலவு பண்றவங்க தானா நிறுத்த மாட்டாங்க. வரவு குறைஞ்சாதான் கை சுருங்கும். “பார்த்துச் செலவு செய்வோம்”னு சொல்லாத கட்சி உண்டா? அதை அளந்து பார்க்க முடியாது. 10 சதவீதத்தை அளக்கலாம்.

பழைய கணக்கன்:

ஒரு கொம்யூனின், அதாவது ஊர் நிர்வாகத்தின், கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்த ஊர் என்று கேட்காதீர்கள், இது சின்னத் தீவு.

முதலில் பில் ஏன் ஏறுகிறது என்பது. வரி இரண்டு எண்களின் பெருக்கல். ஒன்று, உங்கள் வீட்டுக்குப் போட்டு வைத்திருக்கும் வாடகை மதிப்பில் பாதி. இன்னொன்று, மேரி ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் விகிதம். முதலாவது விலைவாசியை ஒட்டி வருஷா வருஷம் தானாக ஏறும், அது பாரீஸ் சட்டம். 2023-இல் 7.1 சதவீதம், 2024-இல் 3.9, 2025-இல் 1.7. ஆக 2022-இல் 1,000 யூரோ கட்டியவர், விகிதம் நூலளவு மாறாமலே 2025-இல் 1,130-க்கு மேல் கட்டுகிறார். “நாங்கள் ஏற்றவில்லை” என்பது பொய்யில்லை. ஆனால் வந்த அந்தக் கூடுதல் காசை வேண்டாம் என்று விகிதத்தை இறக்கியிருக்கலாம், அதையும் அவர்கள் செய்யவில்லை.

அடுத்து அந்த 10 சதவீதம். காகிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, கொம்யூன் பத்தியில் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள். குப்பை வரி பெரும்பாலும் கொம்யூன்களின் கூட்டமைப்பு போடுவது, வெள்ளத் தடுப்புக்கான வரியும் அப்படித்தான். மேயர் ஒருவர் அவற்றைத் தனியாகக் குறைக்க முடியாது.

கொய்யாத்தோப்பு:

பார்த்தேன் ஐயா. கொம்யூன் பத்தி 1,180. குப்பை 370. மீதி 62.

பழைய கணக்கன்:

அப்படியானால் உங்களுக்கு மிச்சம் வருஷத்துக்கு 118 யூரோ. மாசம் பத்து யூரோகூட இல்லை. வேண்டாம் என்று சொல்லவில்லை, பத்து யூரோவும் பணம்தான். ஆனால் அது எங்கிருந்து வெட்டப்படும்?

துறைமுகத்தான் தம்பி, வரவு குறைந்தால் கை சுருங்கும் என்கிறீர்கள். எந்த விரல் முதலில் மடங்கும் என்று நான் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். கொம்யூன் பட்ஜெட்டில் நடப்புச் செலவு ஒரு பக்கம், கட்டுமானம் ஒரு பக்கம். சம்பளம் கொடுக்கக் கடன் வாங்கச் சட்டம் இடம் தராது. நிரந்தர ஊழியரை நாளைக்கே வீட்டுக்கு அனுப்பவும் முடியாது, இங்கே அவர்களுக்குப் பிரான்சைவிட 53 சதவீதம் கூடுதல் சம்பளம் வேறு. அரசு ஊழியர் அடிப்படைச் சம்பளம் 2022 ஜூலையில் 3.5 சதவீதம், 2023 ஜூலையில் 1.5 சதவீதம் ஏறியது. அவர்களுடைய ஓய்வூதியத்துக்கு மேரி கட்டும் பங்கு 2025 தொடங்கி 2028 வரை வருஷத்துக்கு மூன்று சதவீதப் புள்ளி ஏறுகிறது. இதெல்லாம் கொடுத்தே ஆக வேண்டிய காசு. நடப்பு வரவில் மிஞ்சுவதுதான் கட்டுமானப் பக்கம் போகும். வரியைக் குறைத்தால் முதலில் காய்வது அந்த மிச்சம்தான். பள்ளிக்கூடக் கூரை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போகும். கால்வாய் சுத்தம் செய்யும் காண்ட்ராக்ட் வருஷத்துக்கு இரண்டு முறை என்பது ஒன்றாகும். திடல் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும், அதற்கு டைமர் வைக்கும் காசையும் சேர்த்து வெட்டியிருப்பார்கள்.

வாடகைக்காரி:

எனக்கு ஒரு சந்தேகம். நான் வாடகை வீட்டுல இருக்கேன். தாக்ஸ் ஃபோன்சியேர் எனக்கு வராது, குப்பை வரியை மட்டும் வீட்டுக்காரர் வசூல் பண்ணிக்கிறார். 10 சதவீதம் குறைஞ்சா அவருக்கு லாபம், என் வாடகை ஒரு சதம் இறங்காது. ஆனா மேரி நடத்தற கேன்டீன்ல சாப்பிடறது என் பிள்ளை, பள்ளிக்கூடம் முடிஞ்சதும் கார்தெரியில (பிள்ளைகளைப் பார்த்துக்கற இடம்) உட்கார்றதும் என் பிள்ளைதான். அதில கை வெச்சா யாருக்கு அடி? அப்புறம், கப்பல்ல வர்ற வாஷிங் மெஷின்லயும் காருலயும் ஒக்த்ருவா தெ மேர்ங்கற இறக்குமதி வரி கட்டறமே, அந்தக் காசும் கொம்யூனுக்குத்தானே போகுது? வீடு வெச்சிருக்கவங்க மட்டும்தான் ஊரைத் தாங்கற மாதிரி பேசாதீங்க சாமி.

துறைமுகத்தான்:

அக்கா சொல்றது நியாயம்தான், ஆனா கணக்கன் ஐயா சொல்றதைப் பார்த்தா எந்தக் காலத்திலயும் வரியைக் குறைக்கவே முடியாதுன்னு ஆகுது. தேர்தல் வர்றப்ப வேலைக்கு ஆள் எடுக்கறாங்களே, அதை யார் நிறுத்தறது?

பழைய கணக்கன்:

அக்கா சொன்னது சரி. இங்கே கொம்யூன்களின் வரி வருமானத்தில் ஒக்த்ருவா தெ மேருக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆள் எடுப்பது பற்றித் தம்பி கேட்டதும் சரியான இடம். வரியைக் குறைக்கலாம், ஆனால் செலவை இறக்கிக் காட்டிய பிறகு. ஓய்வு பெறுகிறவர்களின் இடத்தில் எத்தனை பேரை எடுக்கப் போகிறீர்கள் என்று துண்டறிக்கை கொண்டு வருகிறவரிடம் கேளுங்கள். எண் சொல்லாமல் சிரித்தால், அந்த 10 சதவீதம் கால்வாயிலிருந்துதான் வரும். சிக்கனம் பேசும் அணியிடமும் இதையே கேளுங்கள், அவர்களும் பெரும்பாலும் சிரிப்பார்கள். ஓட்டுக் கேட்கிறவர் வேலை கேட்டு வருகிறவரைத் திருப்பி அனுப்புவது இந்தத் தீவில் அவ்வளவு சுலபமில்லை.

கொய்யாத்தோப்பு, மேரியின் பட்ஜெட்டை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம், அது சட்டப்படி உங்கள் உரிமை. கவுன்டரில் முகம் சுளித்தால் எழுத்தில் கேளுங்கள். மொத்தத் தொகையைப் பார்க்காதீர்கள், சம்பளச் செலவு நடப்புச் செலவில் எத்தனை சதவீதம், கடன் தவணை கட்டிய பிறகு மிச்சம் எவ்வளவு, இந்த இரண்டையும் நாலு வருஷத்துக்கு எழுதிப் பாருங்கள். சம்பள விகிதம் ஏறி மிச்சம் இறங்கிக்கொண்டே வந்தால் அங்கே வரிக்குறைப்பு வெறும் பேச்சு.

கொய்யாத்தோப்பு:

எழுதிக் கொடுக்கிறேன் ஐயா. இன்னொன்று, பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு 77 வயது, சின்ன ஓய்வூதியம்தான். அவரும் முழுசாகக் கட்டுகிறார்.

பழைய கணக்கன்:

75 தாண்டியவர், அதே வீட்டில் குடியிருப்பவர், வருமானம் வரம்புக்குள் இருந்தால் அவருக்குத் தாக்ஸ் ஃபோன்சியேர் கிடையாது. குப்பை வரி மட்டும் உண்டு. வருமான வரிக் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு வரி அலுவலகத்துக்கு அழைத்துப் போங்கள். மேரிக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், இது அவர்கள் வேலையில்லை. இந்த வருஷம் கட்டியதையும் திரும்பக் கேட்கலாம், காலம் கடத்தாதீர்கள்.

வாடகைக்காரி:

பட்ஜெட் கைக்கு வந்ததும் இங்கேயே போடுங்க அண்ணா. தேர்தல் வருஷத்தில புது கவுன்சில் ஏப்ரல் 30-க்குள்ள பட்ஜெட்டுக்கு ஓட்டுப் போட்டாகணுமாம், அந்தக் கூட்டத்துக்கு யார் வேணும்னாலும் போய் உட்காரலாமாம். நான் வர்றேன்.